நாற்பது ஊர், மூன்று பொட்டு

அன்று காலை பதினொரு மணிக்கு, காஹாவிவா நிறுவனத்தின் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

டோன்யா ஒத்திலியா சால்மோன். நிறுவனத்தின் உரிமையாளர். விதவை. சிவப்புச் சாயமிட்ட நகங்கள். கழுத்தில் ஏதோ ஒரு பிராணியின் ரோமம்.

இன்ஜினியர் ரொலாந்தோ உர்கிதி. பொது மேலாளன். எதை எழுதிக் கொடுத்தாலும் நன்றாக வாசிப்பான்.

போரிஸ் அந்தேசானா. திட்ட அதிகாரி. கார்னிவலில் ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, ஜூன் வந்தும் நொண்டிக்கொண்டிருந்தவன்.

குவால்பெர்த்தோ யூஹ்ரா. ஏ.டி.எம். பழுது பார்ப்பவர். பத்தொன்பது வருட வேலை. மூன்று மணிக்குக் கைதாகப் போகிறவர்.

ஒரு போலீஸ்காரர். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஸெனோபியா லார்ரெயா. துப்பறிபவள்.

காஸ்தோ லிமாச்சி. அவளுடைய உதவியாள். பசியில் இருந்தவன்.

உர்கிதி எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்கிறவனைப் போல வாசித்தான்.

"இந்தக் காலாண்டு நம் நிறுவன வரலாற்றிலேயே தலைசிறந்த காலாண்டு. நாம் வங்கிகளுக்கு நிறுவிப் பராமரிக்கும் ஏ.டி.எம்.கள் மொத்தம் முந்நூற்று இருபது. நகரங்களில் அவை இயங்கிய நேரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. கிராமப்புறத் திட்டத்தின் நாற்பதும் இயங்கியது நூற்றுக்கு நூறு."

தாளிலிருந்து தலையைத் தூக்கினான். கைதட்டலை எதிர்பார்த்தான் போலிருந்தது.

"நூத்துக்கு நூறா?" என்றான் காஸ்தோ. "மே மாசம் இருபத்திமூணு நாள் சாலை மறியல். ஊருக்குள்ள ரொட்டி போகல, பெட்ரோல் போகல. உங்க மெஷினுக்கு மட்டும் பணம் போயிருக்கு. கழுகு தூக்கிட்டுப் போச்சா, இன்ஜினியர்?"

உர்கிதி தாளைப் புரட்டினான். கழுகு பற்றி அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு லீமாவிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டம் காஹாவிவாவை விலைக்கு வாங்கக் கையெழுத்துப் போட இருந்தது. விலையை இயந்திரங்களின் தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்திருந்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் சும்மா இருக்கமாட்டாமல், நாற்பது ஊர்களில் ஒன்றான சொராத்தாவுக்கு வண்டி பிடித்துப் போய், நூற்றுக்கு நூறு இயங்கும் இயந்திரத்தைப் பார்க்க ஆசைப்பட்டான். அங்கே ஒரு சிமெண்டு மேடை இருந்தது. மேடையில் நான்கு போல்ட்டுகள். போல்ட்டுகளுக்கு நடுவில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மூன்று ஊர்களிலும் மேடை இருந்தது. நாய்தான் இல்லை.

அன்று மாலையே டோன்யா ஒத்திலியா திருடனைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த மேடைகளைக் கட்டிய குவால்பெர்த்தோ நாற்பது இயந்திரங்களையும் கழற்றி விற்றுவிட்டார் என்று புகார் போனது. திருட்டு என்றால் நிறுவனம் பாவம். இயந்திரமே இருந்ததில்லை என்றால் நிறுவனம் மோசடி. லீமாக்காரர்கள் பாவப்பட்டவர்களிடம் விலை பேசுவார்கள், மோசடிக்காரர்களிடம் வழக்குப் பேசுவார்கள். அதனால் குவால்பெர்த்தோ மூன்று மணிக்குள் திருடனாக வேண்டியிருந்தது. லீமாக்காரர்களுக்குக் காட்ட ஒரு வெளியாள் விசாரணையும் தேவைப்பட்டது. அதற்குத்தான் ஸெனோபியாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இருந்ததில் மலிவு அவள்தான்.

"நான் மேடை கட்டினேன், கேபிள் இழுத்தேன்," என்றார் குவால்பெர்த்தோ. "மெஷின் பின்னாடி வரும்னாங்க. வரவே இல்ல. நாலு தடவை கேட்டேன், டோன்யா. உன் வேலையப் பாருன்னீங்க."

"வரலையா?" டோன்யா ஒத்திலியா கோப்பு ஒன்றை மேசையில் தள்ளினாள். "நாப்பது ஊருக்கும் படம் இருக்கு. ஊர்ப் பேர் போட்டு, தேதி போட்டு. மார்ச் மாசம் வச்ச அன்னிக்கே எடுத்தது. படத்துல இருக்கற மெஷின் இப்ப இல்லன்னா, யாரு கையில ஸ்பானர் இருந்துச்சோ அவன்தான் பதில் சொல்லணும்."

"படம் யாரு எடுத்தது?" என்று கேட்டாள் ஸெனோபியா.

உர்கிதி அந்தேசானாவைப் பார்த்தான். அந்தேசானா தன் முட்டியைப் பார்த்தான்.

"கோப்பு என் மேசைக்கு வந்துச்சு," என்றான் அந்தேசானா. "வந்தத நான் சேத்து வச்சேன்."

"யார்கிட்டயிருந்து வந்துச்சு?"

"அலுவலகத்துலயிருந்து."

நல்ல பதில். அந்தக் கட்டிடத்தில் பொறுப்பு மேலிருந்து கீழே இறங்கும். கீழே யாருடைய தலையிலாவது உட்காரும். திரும்ப மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை.

"இவன் எப்படிப்பட்டவன்னு கேளுங்க," என்றாள் டோன்யா ஒத்திலியா. "கார்னிவல் செவ்வாய்க்கிழமை என் மெஷின் மேலயெல்லாம் சாராயத்த ஊத்தி, வண்ணக் காகிதப் பொட்ட வாரிக் கொட்டி, காகிதச் சுருளச் சுத்தி வைக்கிறான். பூமித்தாய்க்குத் தெளிக்கிறானாம். வங்கிக்காரன் பாத்தா என்ன நினைப்பான்? இது தொழில்நுட்ப நிறுவனமா, சந்தையா? எங்க குடும்பத்துல அந்த அழுக்குப் பழக்கமெல்லாம் எந்தக் காலத்துலயும் கிடையாது. ஆளுக்கு அம்பது பொலிவியானோ அபராதம்னு உத்தரவே போட்டிருக்கேன்."

"நானும் வருஷா வருஷம் கட்டறேன்," என்றான் அந்தேசானா வெட்கமில்லாமல். அவன் மேசைக் காலில் பிப்ரவரியில் கட்டிய காகிதச் சுருள் இன்னும் தொங்குவதைக் காஸ்தோ வரும்போதே பார்த்திருந்தான்.

"நான் கட்டினதில்லை," என்றான் உர்கிதி. "எங்க சபையில சாராயத்தத் தொடவே கூடாது. தெளிக்கிறது விக்கிரக ஆராதனை."

ஸெனோபியா படக் கோப்பை எடுத்துக் காஸ்தோவின் கக்கத்தில் செருகினாள்.

"மூணு மணிக்குள்ள வந்துடறோம். அதுவரைக்கும் இவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

"நேரம் ஆனா ஆனதுதான்," என்றார் போலீஸ்காரர். "என் காகிதத்துல மூணு மணின்னு போட்டிருக்கு."

தெருமுனையில் காஸ்தோ கறி அடைத்த கடைசிச் சால்தேன்யாவை வாங்கினான். பன்னிரண்டு மணிக்கு மேல் அதை விற்கமாட்டார்கள். குழம்பு சட்டையில் வழியாமல் ஓரத்தைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

"எங்க போறோம், ஜெஃபா?" முதலாளி என்று பொருள்; அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"நெசமா இருக்கற ஒரு மெஷினப் பாக்க."

கேபிள் காரில் மேட்டு ஊரான எல் ஆல்த்தோவுக்கு ஏறினார்கள். கீழே நகரம் சிறுத்துக்கொண்டே போனது. காஸ்தோ படங்களை முழங்காலில் பரப்பினான். இவன் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு நிறுவனத்தில், எந்த ஏ.டி.எம். அணைந்தது என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை பார்த்தவன். மூன்று வருடம் சிவப்பு விளக்குகளை எண்ணிவிட்டு, ஒருநாள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. சம்பளம்கூட இரண்டு மாதம் வந்தது.

"எல்லாம் கிட்டக்க எடுத்த படம்," என்றான். "மெஷினோட மூஞ்சி, அது தலையில ஊர்ப் பேர்ப் பலகை. மலை இல்ல, தெரு இல்ல, வேடிக்கை பாக்க ஒரு ஆள் இல்ல. ஒரு ஊருக்கு ஏ.டி.எம். வருது, மேயர் படத்துல நிக்க மாட்டானா? எங்க ஊர்ல குப்பைத்தொட்டி வச்சதுக்கே மேயர் ரிப்பன் வெட்டினான்."

"சரி. ஆனா அது சந்தேகம். ஆதாரம் இல்ல."

சந்தை முனையில், குவால்பெர்த்தோ கவனித்துக்கொள்ளும் காஹாவிவா ஏ.டி.எம். ஒன்று நின்றது. நிஜமான இயந்திரம். அதன் தலையில் வெளுத்துப்போன காகிதச் சுருள். பொத்தான்களின் இடுக்கில் மஞ்சளும் ரோஸுமாய்க் காகிதப் பொட்டுகள். முகப்பில் பீர் வழிந்து காய்ந்த தடம். பக்கத்தில் ஒரு பெண் இரண்டு பானைகளில் அப்பி காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தாள். ஊதா மக்காச்சோளக் கஞ்சியின் ஆவி இயந்திரத்தின் திரைமேல் படிந்தது.

"ரெண்டு கிளாஸ் குடு, கசேரா," என்றான் காஸ்தோ, வாடிக்கைக் கடைக்காரியைக் கூப்பிடும் சொல்லால். "இந்த மெஷினுக்கு யாரு கல்யாணம் பண்ணி வச்சது?"

"குவால்பெர்த்தோதான், கசேரோ. கார்னிவல் செவ்வாய் வந்து தெளிச்சாரு. மெஷினுக்கு ரெண்டு கிளாஸ், எனக்கு ஒரு கிளாஸ். அதுக்குப் போயி அபராதம் போட்டாளாமே அந்தச் சீமாட்டி. அவ மெஷின் நல்லா ஓடணும்னுதான தெளிக்கிறாரு. அவருக்கா லாபம்?"

"நாலு மாசம் ஆச்சு. யாரும் துடைக்கலையா?"

அப்பிக்காரியின் கரண்டி நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெளிச்சத யாராச்சும் துடைப்பாங்களா? காத்து எடுத்துட்டுப் போகணும், மழை எடுத்துட்டுப் போகணும். நீ துடைச்சா, கொடுத்தத திருப்பிக் கேட்ட மாதிரி. நீ எந்த ஊரு?"

"இதே ஊருதான். சும்மா கேட்டேன். அடிக்காத."

ஸெனோபியா இயந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருந்த ஒரு ரோஸ் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். காகிதம் வந்துவிட்டது. வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக்கில் அதே அளவில் ஒரு ரோஸ் வட்டம் தங்கிவிட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"சாராயத்துல நனைஞ்சா காகிதம் சாயம் விடுது," என்றாள். "பிளாஸ்டிக் அதக் குடிச்சிடுது. இப்பப் படத்த எடு."

காஸ்தோ சொராத்தா படத்தை எடுத்தான். அட்டை செருகும் வாய்க்குக் கீழே, தூசி என்று அவன் நினைத்திருந்த இடத்தில், இரண்டு ரோஸ் புள்ளி, ஒரு பச்சைப் புள்ளி. படுத்துக்கிடக்கும் முக்கோணம். அடுத்த படத்தை எடுத்தான். அதற்கடுத்தது. பத்தாவது படத்தில் கஞ்சி ஆறிப்போனது. இருபதாவதில் அவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"நாப்பது ஊரு, ஜெஃபா. நாப்பதுலயும் அதே ரெண்டு ரோஸு, ஒரு பச்சை, அதே இடத்துல. ஒரே மெஷின். பலகைய மட்டும் மாத்தி மாத்திப் படம் எடுத்திருக்காங்க. அதான் நூத்துக்கு நூறு. இல்லாத மெஷின் எப்படிப் பழுதாகும்? குவால்பெர்த்தோ தப்பிச்சாரு."

"தப்பிக்கல. பொட்டு தூவறது யாரோட பழக்கம்னு காலையில அந்தம்மா எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு. இதக் கொண்டுபோய்க் காட்டினா என்ன சொல்வாங்க? இவன்தான் தூவினான், இவன்தான் ஒரு மெஷின வச்சுப் படம் எடுத்தான், மீதிய வித்துட்டான். கயித்த நாமளே முறுக்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

காஸ்தோ சிரிப்பை நிறுத்தினான்.

"அப்ப யாரு தூவினதுன்னு தெரியணும்."

"தெரியும்," என்றாள் ஸெனோபியா. "கையில பிடிக்கணும். அவ்வளவுதான். நாலு மாசத்துக்கு முன்னாடி தூவினதுல இங்க எத்தனை காகிதம் பாக்கி இருக்கு?"

"எண்ணிக்கை இல்லாம இருக்கு."

"படத்துல?"

காஸ்தோ குனிந்து பார்த்தான். காகிதம் ஒன்றுகூட இல்லை. சாயம் மட்டும். சுருள் இல்லை, பீர்த் தடம் இல்லை, இடுக்குகளில் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் மூன்றே மூன்று பொட்டு போட்டு, பிறகு துடைத்திருக்கிறார்கள்.

"துடைச்சிருக்காங்க," என்றான் மெதுவாக.

"ம். காச குடுத்துட்டு வா."

இரண்டரை மணிக்குக் கூட்ட அறைக்குத் திரும்பினார்கள். உர்கிதி நாளைய உரையை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தான். குவால்பெர்த்தோவுக்கு யாரும் சாப்பாடு கொடுத்திருக்கவில்லை. தாங்கள் சாப்பிட்ட தட்டுகளை அவர் முன்னாலேயே விட்டிருந்தார்கள்.

ஸெனோபியா படங்களை மேசையில் சீட்டுக்கட்டு போல விரித்து விஷயத்தைச் சொன்னாள். ஒரே இயந்திரம். மூன்று கறை. அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் நாலு மணிக்கு அரசு வழக்கறிஞர் ஆட்களோடு வந்து இந்தக் கட்டிடத்தின் ஒவ்வொரு அறையையும் திறந்து பார்ப்பார்.

வழக்கறிஞருக்கு அவள் இன்னும் ஃபோனே செய்யவில்லை. செய்தாலும் அவர் நாலு மணிக்கு எங்கேயும் வருகிற ஆளில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர்.

"பொட்டுன்னாலே இவன்தான்," என்றாள் டோன்யா ஒத்திலியா உடனே, விரலைக் குவால்பெர்த்தோ பக்கம் நீட்டி.

"இருக்கலாம்," என்றாள் ஸெனோபியா. "மெஷின் கிடைச்சா அதுல யாரு கை பட்டதுன்னு தெரிஞ்சிடும். அந்தக் கறைய யாராலயும் எடுக்க முடியாது."

"ஏன் முடியாது?" என்றான் காஸ்தோ. "என் தங்கச்சி நகச்சாயம் எடுக்க ஒரு தண்ணி வச்சிருக்கா. பஞ்சுல தொட்டு ஒரு இழுப்பு. எந்தச் சாயமா இருந்தாலும் ஓடிடும்."

"வாய மூடுடா, மடையா." ஸெனோபியா மேசையைத் தட்டினாள். "எத எங்க பேசறதுன்னு இல்ல? வெளிய போ."

காஸ்தோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான். நாலு மணி வரை எல்லோரும் அவரவர் அறைக்குப் போகலாம் என்று ஸெனோபியா சொல்வது கதவு வழியாகக் கேட்டது. அவன் மாடிப்படித் திருப்பத்தில், ஒரு கோட் மாட்டும் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான். முதலில் யார் அசைகிறார்களோ அவர்களைப் பிடி என்பதுதான் கேபிள் காரில் இறங்கும்போது பேசிக்கொண்டது. கறை போகும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதும், திட்டு வாங்க வேண்டியதும் அங்கேயே முடிவானவை. மடையன் என்பது மட்டும் அவள் கூடுதலாகச் சேர்த்தது.

தனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டான். அந்தேசானா. கோப்பு அவன் மேசையில். மேசைக் காலில் சுருள். கார்னிவல் என்றால் உயிரை விடுகிறவன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தேசானா வெளியே வந்தான். நொண்டிக்கொண்டே ஓடினான். காஸ்தோ பின்னால் போனான். அந்தேசானா கழிவறைக்குள் புகுந்தான். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு மறுபடி வாந்தி. மூன்று மாதமாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விழுங்கி வைத்திருந்தவனின் வயிறு அது. அந்த ஆளிடம் பயம் இருந்தது. பஞ்சு இல்லை.

காஸ்தோ திரும்பிப் படிக்கட்டுக்கு ஓடினான். உர்கிதி அதே நாற்காலியில் உட்கார்ந்து "தலைசிறந்த காலாண்டு" என்று இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே இயந்திரம் என்று பத்து நிமிடத்துக்கு முன்னால் கேட்டது எதுவும் அந்த மண்டையில் இறங்கியதாகத் தெரியவில்லை. டோன்யா ஒத்திலியாவின் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலி காலி. மின்தூக்கியின் விளக்கு நிலவறையில் நின்றது.

ஸெனோபியா ஏற்கெனவே படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் குவால்பெர்த்தோ. அவர் பின்னால், கைதியைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய கடமையால், போலீஸ்காரர்.

"தப்பான ஆள் பின்னாடி ஓடினியா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"அந்தேசானான்னு நினைச்சேன், ஜெஃபா."

"அவன் தூவியிருந்தா மூட்டையோட கொட்டியிருப்பான். துடைக்கவும் மாட்டான், அபராதத்தக் கட்டிட்டு அடுத்த வருஷத்துக்குக் காத்திருப்பான். உர்கிதி தூவவே மாட்டான், நரகத்துக்குப் பயம். ஆசைப்பட்டுத் தூவிட்டு, யாரும் பாத்துடக் கூடாதுன்னு வெக்கப்பட்டுத் துடைக்கிறது யாரு? தூவக் கூடாதுன்னு உத்தரவு போட்டவங்கதான்."

காஸ்தோ இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினான்.

அந்தக் கட்டிடம் முன்பு ஒரு வங்கியாக இருந்தது. நிலவறையில் பழைய பெட்டக அறை. கனமான இரும்புக் கதவு, முகத்தின் உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல். இப்போது அதில் உடைந்த இயந்திரங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே தொங்கியது. உள்ளேயிருந்து நகச்சாயம் அழிக்கும் தண்ணீரின் நெடி வந்தது.

டோன்யா ஒத்திலியா ஓர் இயந்திரத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கழுத்து ரோமத்தைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் முழங்கால். கையில் பஞ்சு. பக்கத்தில் நாற்பது பெயர்ப் பலகைகள் அடுக்காக இருந்தன. மேலே சொராத்தா.

அவள் திரும்பிப் பார்த்தாள். எழ முயன்றாள். முடியவில்லை. அசிட்டோன் பிளாஸ்டிக்கை இளக்கி, பஞ்சும் ஐந்து விரல்களும் முகப்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. வெடுக்கென்று இழுத்தாள். விரல்கள் வந்தன. வந்த இடத்தில், மூன்று பொட்டும் கரைந்து கலந்த சேற்றுநிறக் குழைவில், ஐந்து விரல் தடமும் இறுகிக்கொண்டிருந்தது. சிவப்பு நகச்சாயம்கூடப் பதிந்திருந்தது.

முதலில் பேசியது குவால்பெர்த்தோ.

"அசிட்டோன் போடக் கூடாது, டோன்யா," என்றார். "பத்தொன்பது வருஷமா சொல்றேன். ஈரத்துணி மட்டும்தான்."

காஸ்தோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"இது என் கட்டிடம்," என்றாள் டோன்யா ஒத்திலியா. "என் மெஷின். நான் தொடலாம்."

"தொடலாம்," என்றாள் ஸெனோபியா. "கார்னிவல் செவ்வாய்க்கிழமையும் தொட்டிருக்கீங்க. ஒரு மெஷின் நாப்பதா பெருகணும். பூமித்தாய்க்குத் தெளிக்காம விட மனசு வரல. கதவச் சாத்திட்டு நீங்களே தெளிச்சீங்க. லீமாக்காரன ஏமாத்தப் பயமில்ல, வங்கிய ஏமாத்தப் பயமில்ல, இவரு பிழைப்பப் பறிக்கப் பயமில்ல. மண்ணுக்கு மட்டும் பயம். அதுக்கும் கிள்ளித்தான் குடுத்தீங்க. மூணே பொட்டு."

டோன்யா ஒத்திலியாவின் முகம் சிவந்தது. மோசடி என்று சொன்னதற்கு இல்லை. தெளித்தாய் என்று சொன்னதற்கு. காஸ்தோ அதை நன்றாகப் பார்த்தான். வேலைக்காரர் எதிரில், போலீஸ்காரர் எதிரில், சந்தைக்காரிகளைப் போல அவளும் சாராயம் தெளித்தவள் என்பது அவளுக்குச் சிறையைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

"அத யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "எவ்வளவு வேணும்னு சொல்லு. உனக்கு. இவனுக்கும் சேத்து."

"அம்பது பொலிவியானோ," என்றார் குவால்பெர்த்தோ. "அபராதம். உங்களுக்கு, டோன்யா. உத்தரவு நீங்க போட்டதுதான்."

மேலே எங்கேயோ கடிகாரம் மூன்றடித்தது. போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, அதையும் உள்ளே மண்டியிட்டிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யூஹ்ரான்னு போட்டிருக்கு," என்றார் கவலையாக. "சால்மோன்னு போடல. காகிதம் இல்லாம சால்மோன நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"யூஹ்ராவக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றான் காஸ்தோ.

போலீஸ்காரர் இயந்திரத்தின் முகத்தில் இறுகிப்போன கையைப் பார்த்தார். தான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. காகிதத்தை நான்காக மடித்து மறுபடி பையில் வைத்தார்.

"புதுசா எழுதி வாங்கிட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் இந்தம்மா இங்கயே இருந்தா நல்லது. ஆனா நான் யாரையும் அடைக்க முடியாது. காகிதம் இல்ல."

"வழக்கறிஞருக்கு நான் இப்பவே ஃபோன் பண்றேன்," என்றாள் ஸெனோபியா. "தூக்கத்துலயிருந்து எழுப்பறேன். லீமாக்காரங்களுக்கு அடுத்த ஃபோன்."

"நம்ம பாக்கிக் கூலி, ஜெஃபா?" காஸ்தோ காதோடு கேட்டான்.

"உள்ள மண்டி போட்டுட்டு இருக்கு. போய்க் கேளு."

டோன்யா ஒத்திலியா ஒரு வழியாக எழுந்து, பஞ்சு ஒட்டிய கையை மறைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். நடையில் பழைய மிடுக்கு. வழிவிடுவார்கள் என்ற பழக்கம்.

"தள்ளி நில்லு," என்றாள் குவால்பெர்த்தோவிடம்.

அவர் தள்ளித்தான் நின்றார், கதவுக்கு வெளியே. அந்தப் பூட்டுக்குப் போன வருடம் எண்ணெய் போட்டவர் அவர்தான். உள்ளேயிருந்து அது திறக்காது என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். பதில் வந்ததில்லை. கைப்பிடியைப் பிடித்து, கதவை அவள் முகத்துக்கு நேராக இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.